விதையிலும் போத்திலும் நம்ம ஊர் மரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், எங்கள் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறேன். கேரள எல்லைக்குள் இருந்தாலும் இங்கே வீட்டுப் பேச்சு தமிழ்தான். பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் பாலக்காட்டுச் சித்தூர் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். நாற்று வாங்குவதைவிட, வீட்டில் போட்ட விதை ஏன் முளைக்கவில்லை, நட்ட போத்து (வெட்டி நடுகிற கிளை) ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பதற்கே நிறையப் பேர் வருகிறார்கள். அப்படி வருபவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

ஏனுங்க, எந்த மர விதை போட்டாலும் முளைக்க மாட்டேங்குது. நான் என்ன தப்புப் பண்றேன்?

பெரும்பாலும் தப்பு விதைத்ததில் இல்லை, விதையை வைத்திருந்ததில் இருக்கும். மர விதைகளில் சில காத்திருக்காது, சில தூங்கும். நாவல், இலுப்பை, வேம்பு மூன்றும் காத்திருக்காதவை. பழம் உதிர்ந்து ஓரிரு வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். காய்ந்துபோனால் உள்ளே உயிர் இருக்காது. சரக்கொன்றை, வாகை, உசில் போன்றவை தூங்கும் விதைகள். ஓடு அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. டப்பாவில் வருடக்கணக்கில் கிடந்தாலும் உயிரோடு இருக்கும், ஆனால் எழுப்பாமல் எழுந்திருக்காது. புங்கன், மருது, வேங்கை எல்லாம் நடுவில் நிற்பவை. சில மாதம் தாங்கும், பெரிய வைத்தியமும் தேவையில்லை.

நாற்றங்கால் ஆரம்பித்த வருடம் ஒரு கூடை இலுப்பைக் கொட்டை கிடைத்தது. நெல்லைப் போல நன்றாகக் காயட்டும் என்று களத்தில் பத்து நாள் வெயிலில் போட்டுவிட்டு விதைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. அந்த மரம் அடுத்த வருடம் சரியாகக் காய்க்கவும் இல்லை. அன்றிலிருந்து எந்த விதை கைக்கு வந்தாலும் முதலில் நான் கேட்பது, இது காத்திருக்குமா, தூங்குமா என்பதுதான். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த மரத்துக்கு எந்த மாசம் விதை பொறுக்கணும்?

நம்ம பக்கத்துக் கணக்கு இது. வேங்கை மார்கழியிலிருந்து மாசி வரை. புளி, வாகை தை, மாசி. புங்கனும் மருதும் மாசியிலிருந்து சித்திரை வரை. சரக்கொன்றையின் காய் போன சித்திரைப் பூவிலிருந்து வந்தது, கிட்டத்தட்ட ஒரு வருடம் மரத்திலேயே தொங்கிக் கறுத்த பிறகு எடுக்க வேண்டும். வேம்பு வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை. நாவலும் இலுப்பையும் ஆனி, ஆடி. மழை முன்னே பின்னே ஆனால் இதுவும் இரண்டு மூன்று வாரம் நகரும்.

மாசத்தைவிட எந்த மரத்தில் எடுக்கிறோம் என்பது முக்கியம். வயசான, நோய் இல்லாத, காய்ப்புள்ள மரமாகப் பாருங்கள். ஒரே மரத்தில் கூடை நிரப்பாமல், தள்ளித் தள்ளி நிற்கும் ஏழெட்டு மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்துவிடுங்கள். ஒரு தாயின் பிள்ளைகளாகவே ஒரு தோப்பு முழுக்க நின்றால், பின்னால் ஒரு நோய் வந்தால் மொத்தத்தையும் ஒன்றாகப் பிடிக்கும். நம்ம ஊர் வெயிலையும் காற்றையும் பார்த்து வளர்ந்த மரத்தின் விதை, தூரத்திலிருந்து வாங்கும் விதையைவிட எனக்கு எப்போதும் மேல்.

போன வருசத்து வேப்பங்கொட்டை ஒரு மூட்டை கிடக்குது. அதையே போட்டரலாமுங்களா?

வேண்டாம். மேலே சொன்ன காத்திருக்காத கூட்டத்தில் வேம்பும் ஒன்று. அந்த மூட்டையை இடித்து மண்ணுக்கு எருவாகப் போடுங்கள், வீணாகாது.

புதுசாகச் செய்வது இப்படி. மஞ்சளாகப் பழுத்த பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து சதையை நீக்குங்கள். மிதப்பதை எடுத்துவிட்டு, மூழ்கியதை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தினால் போதும். சந்தேகமாக இருந்தால் பத்துக் கொட்டையை உடைத்துப் பாருங்கள். பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் போய்விட்டது. நல்ல விதை ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் முளைக்கும்.

சரக்கொன்றை விதைக்கு வெந்நீர் ஊத்தறதா, இல்ல விதையைப் போட்டுக் கொதிக்க வைக்கறதா?

கொதிக்க வைத்தால் வெந்துபோகும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, பாத்திரத்தில் இருக்கும் விதை மேல் ஊற்ற வேண்டும். விதையைப் போல ஐந்தாறு மடங்கு தண்ணீர் இருக்கட்டும். அப்படியே ஆறவிட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பார்த்தால் சில விதை உப்பி இருமடங்காகியிருக்கும், சில அப்படியே கல் மாதிரி கிடக்கும். உப்பியதை உடனே விதைத்துவிட்டு, மற்றதற்குத் திரும்பவும் ஊற்றுங்கள்.

ஐம்பது, நூறு விதைதான் என்றால் எனக்கு வெந்நீரே வேண்டாம். உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து ஓட்டுக்குள் இருக்கும் வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். நகவெட்டியில் ஓரத்தைக் கிள்ளியும் விடலாம். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புப் பக்கம் மட்டும் கை வைக்கக் கூடாது, முளை அங்கேதான் இருக்கிறது. பெரிய நாற்றங்கால்களில் கந்தக அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, குழந்தைகள் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

வாகைக்கும் உசிலுக்கும் இதே வைத்தியம், ஆனால் ஓடு கொஞ்சம் மெல்லிசு. கொதி அடங்கிய வெந்நீர் போதும். புளிக்கு ஒரு நாள் சாதாரணத் தண்ணீரில் ஊறினாலே வந்துவிடும்.

நான் கொன்னைன்னு கேட்டு வாங்கினேன். வளந்து பாத்தா வேற ஏதோ மரமா இருக்குது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, இரண்டு மொழியும் ஒரே சந்தையில் புழங்குவதால் வரும் குழப்பம் இது. நாம் சரக்கொன்றை என்பதைத்தான் மலையாளத்தில் கணிக்கொன்னை என்கிறார்கள். விஷுவுக்குக் கணி வைக்கிற அதே பூ. சீமக்கொன்னை என்று கேட்டால் வேலிக்கும் தழை உரத்துக்கும் நடுகிற கிளைரிசிடியா கிடைக்கும். அது வெளிநாட்டு மரம். மஞ்சக்கொன்னை என்ற பேரில் இரண்டு மூன்று மரம் சுற்றுகிறது. அதில் ஒன்று அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. வயநாட்டுக் காடுகளில் பரவி, யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லையும் செடியையும் எழவிடாமல் செய்து, வனத்துறை இப்போது அதை அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறது. அதன் விதையைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பார்த்துத் தெரிந்துகொள்ள வழி எளிது. சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும். காய் உருளையாக, முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் உள்ளங்கை நீளம் வரும், ஜோடிகள் எண்ணிக்கையில் குறைவு. பொடிப் பொடியாக நிறையச் சிற்றிலை இருந்தால் அது வேறு மரம்.

வேம்பிலும் இதே கதை உண்டு. வேப்பு என்று மட்டும் கேட்காமல், மலையாளத்தில் ஆரியவேப்பு என்று சொல்லிக் கேளுங்கள். கறிவேப்பு கருவேப்பிலை, மலவேப்பு மலைவேம்பு. மூன்றும் வேறு வேறு.

எங்க காட்டு மண்ணையே பையில போட்டா ஆகாதா?

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் என்றால் ஆகாது. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டாரத்தில்தான். பருத்திக்கு நல்ல மண், பைக்கு ஆகாத மண். ஈரத்தில் களியாகி வேருக்கு மூச்சு விடாது, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து சலித்துப் போடுங்கள். விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். தண்ணீர் பூவாளியில்தான், குழாயைப் பிடித்து அடித்தால் விதை மேலே வந்துவிடும்.

மயிலு வந்து முளையெல்லாம் கொத்திட்டுப் போயிருதுங்க.

இங்கேயும் அப்படித்தான். முளைத்து நாலு இலை விடும் வரை தாய்ப்பாத்தி மேல் வலையைப் படியாமல் தூக்கிக் கட்டுங்கள். வலை இல்லையென்றால் வெள்வேல முள்ளைப் பரப்பினாலும் மயில் காலை வைக்காது.

ஒரு நாவல் கொட்டையில மூணு நாத்து வந்திருக்குது. மூணையும் விட்டறதா?

நாவலின் குணமே அது. ஒரே கொட்டைக்குள் ஒன்றுக்கு மேல் கருக்கள் இருக்கும். நாலு இலை வந்ததும் பாத்தியை நன்றாக நனைத்து, மெதுவாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் வையுங்கள், மூன்றும் பிழைக்கும். ஒரே பையில் விட்டால் ஒன்று நன்றாக வந்து மற்றது நோஞ்சானாகப் போகும்.

ஆலம்பழத்துல விதை கண்ணுக்கே தெரியலையே. அதை எப்படிப் போடறது?

பழுத்த பழத்தைப் பிசைந்து தண்ணீரில் அலசித் துணியில் வடிகட்டினால் கசகசா மாதிரி விதை நிற்கும். செங்கல் பொடி கலந்த மண்ணைத் தட்டில் நிரப்பி, அதன் மேல் தூவிவிட வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலிருந்து ஊற்றாமல் தட்டையே தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். அரசுக்கும் அத்திக்கும் இதே முறைதான்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் காக்கை உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறது. பழைய கிணற்றுச் சுவரிலும் பனைமரத்து மட்டை இடுக்கிலும் முளைத்து நிற்கும் கன்றுகளை மழைக்காலத்தில் வேரோடு நோண்டி எடுத்துப் பையில் வைக்கலாம். எப்படியும் சுவரைக் காப்பாற்ற அதைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

போத்து வெச்சா எந்தெந்த மரமெல்லாம் வருமுங்க?

கிளுவை, ஒதியன், பூவரசு, கல்யாண முருங்கை, ஆல், அத்தி, முருங்கை. இவை கைத்தடிமனுள்ள போத்திலேயே வரும். செடிகளில் நொச்சியும் ஆடாதொடையும் பென்சில் தடிமன் குச்சியில் வரும். நாவல், இலுப்பை, வேங்கை, புளிக்கு வீட்டில் குச்சி வைத்து எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு விதைதான்.

கிளுவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கம் போனால் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம். நடுவில் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும், சுற்றி முள்கிளுவை உயிர்வேலியும். அந்த வேலி முழுக்கப் போத்திலிருந்து வந்ததுதான். கம்பியும் கல்தூணும் இல்லாமல் ஆட்டையும் மாட்டையும் உள்ளே நிறுத்தி வைக்கிறது. வேலிக்கென்று யாராவது என்னிடம் வந்தால் முதலில் கிளுவையைத்தான் சொல்வேன். ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா என்று பழமொழி சொல்வார்கள். உத்தரத்துக்கு ஆகாதுதான், ஆனால் உயிரோடு நிற்கும் வேலிக்காலாக அதை அடிக்க மரமில்லை.

வெட்டுகிற காலம் முக்கியம். இலை உதிர்ந்து, புதுத் துளிர் இன்னும் வராத நேரம், அதாவது பங்குனி, சித்திரையில் வெட்டுங்கள். முற்றிய கிளை, ஆள் உயரம், அடிப்பக்கம் சாய்வாக வெட்டு. கிளுவை, ஒதியன், முருங்கைபோலச் சாறுள்ள போத்துகளை நாலைந்து நாள் நிழலில் சாய்த்து வைத்து வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டால் அழுகாது. தலைகீழாக நட்டுவிடாமல் அடி எது நுனி எது என்று வெட்டும்போதே குறித்துக்கொள்ளுங்கள். சாய்வு வெட்டுக்கு இன்னொரு பயன் அது.

போத்து நல்லாத் துளுத்துச்சு, சந்தோசமா இருந்தேன். ஒரு மாசத்துல காஞ்சு போச்சு. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கும் வருத்தமாக இருக்கும். துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிளைக்குள் சேர்ந்திருக்கும் சத்தை வைத்துக்கொண்டே அது இலை விட்டுவிடும். வேர் அதற்குப் பிறகு வர வேண்டும். அதற்குள் இலைகள் வெயிலில் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் எடுக்க ஆளில்லை. சேமிப்பு தீர்ந்ததும் காய்ந்துபோகும்.

அதனால் முதல் இரண்டு மாதம் இலை அதிகமாக வந்தால் பாதியைக் கிள்ளிவிடுங்கள். நுனி வெட்டில் சாணியும் மண்ணும் பூசினால் அந்த வழியாக ஈரம் போகாது. போத்தை ஆட்டிப் பார்க்கவே கூடாது. புதுவேர் நூல் மாதிரி இருக்கும், ஒரு அசைப்பில் அறுந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அதே வேலையைச் செய்யும் என்பதால், குச்சி நட்டுச் சேர்த்துக் கட்டுவது இங்கே கட்டாயம். நொச்சிக் குச்சியாக இருந்தால் ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழல்வலைக்கு அடியில் வைத்தால் இந்தத் தொல்லை குறைவு.

போத்துல வந்த மரம் காத்துக்கு விழுந்துரும்னு எங்க மாமா சொல்றாரு. நெசமா?

மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. விதையில் வந்த மரத்துக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். போத்தில் வருவது வெட்டுவாயைச் சுற்றிப் பக்கவாட்டு வேர்தான். வேலியில் அடிக்கடி கவாத்துச் செய்து உயரத்தைக் குறைப்பதால் பிரச்சினை இல்லை. வீட்டுப் பக்கத்திலோ சாலையோரத்திலோ பெரிய மரமாக நிற்கப் போகிறது என்றால் விதை நாற்றையே வையுங்கள்.

ஆனால் விதை நாற்றும் பையிலேயே இரண்டு வருடம் கிடந்தால் அதே கதிதான். ஆணிவேர் பையின் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும், நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. பத்து வருடம் கழித்து ஆடிக்காற்றில் மரம் சாயும்போது தோண்டிப் பார்த்தால் அடியில் அந்த முடிச்சு இருக்கும். வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். அடித் துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருக்கிறதா என்று பையைத் தூக்கிப் பாருங்கள். அப்படி இருந்தால் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேண்டாம். நானே மாதம் ஒருமுறை எல்லாப் பையையும் தூக்கி இடம் மாற்றுவது அதற்காகத்தான்.

இன்னொன்று, ஒரே மரத்தில் வெட்டிய போத்தெல்லாம் அந்த மரமேதான். விதைக்குச் சொன்ன மாதிரியே, ஏழெட்டு மரத்தில் வெட்டிக் கலந்து நடுங்கள்.

மொளகுக் கொடிக்குப் போட்ட முருக்கு இலையெல்லாம் முடிச்சு முடிச்சாச் சுருண்டு போச்சு.

முருக்கு என்பது நம்ம கல்யாண முருங்கைதான். 2000-களின் நடுவில் ஒரு பொடிக் குளவி கேரளத்துக்குள் வந்து, இலையிலும் தண்டிலும் முட்டையிட்டு இப்படி முடிச்சுகளை உண்டாக்க ஆரம்பித்தது. முடிச்சு விழுந்த மரத்திலிருந்து போத்து எடுத்தால் குளவியையும் சேர்த்து எடுத்துப் போகிறீர்கள். சுத்தமான மரம் கிடைக்காவிட்டால் மிளகுக்கு ஒதியன் போத்தைப் பயன்படுத்துங்கள். முடிச்சு விழுந்த கிளைகளை வெட்டி எரித்துவிடுவது நல்லது.

சந்தன நாத்து ஒரு சாண் வளந்து அப்படியே நின்னுருச்சு. எரு பத்தலையா?

எருவைக் கொட்டினாலும் நகராது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துச் சத்தை எடுத்துக்கொள்ளும் மரம். தனியாக வைத்தால் விதையில் இருந்த சத்துத் தீரும் வரைதான் வளர்ச்சி. பையிலேயே கூட ஒரு துவரை விதையைப் போடுங்கள். துவரை உயர்ந்து நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளுங்கள், பிடுங்காதீர்கள். நிலத்தில் நடும்போது பக்கத்தில் புங்கன், சவுக்கு, நெல்லி ஏதாவது நிற்கட்டும்.

விதையிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்கு: இது வேம்பு மாதிரி அவசரப்படுத்தாது. சதை நீக்கி நிழலில் உலர்த்திய விதை சுமார் இரண்டு மாதம் தூங்கிவிட்டுத்தான் முளைக்கத் தயாராகும். சரக்கொன்றையின் தூக்கம் ஓட்டில் என்றால் இதன் தூக்கம் உள்ளே, அதனால் வெந்நீர் ஊற்றக் கூடாது. சந்தனம் வளர்க்கலாம், ஆனால் வெட்டவும் விற்கவும் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் விதிகள் வேறு வேறு. நிலம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்க வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாத்து நடறது இடவப்பாதிக்கா, துலாவர்ஷத்துக்கா?

பாலக்காடு டவுனுக்கு மேற்கே கேட்டால் இடவப்பாதி, அதாவது ஜூன் மழை என்பார்கள். அவர்களுக்கு அது சரி. நம்ம கிழக்கு ஓரம் மழை மறைவு. மேகம் தலைக்கு மேலேயே போகும், காற்று மட்டும் ஆடி முழுக்க அடிக்கும். போர்த்தண்ணீர் இருந்தால் ஜூனில் நடுங்கள், வேருக்கு அதிக நாள் கிடைக்கும். மழையை மட்டும் நம்புகிறவர்களுக்குத் துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழைதான். அவர்கள் புரட்டாசிக் கடைசியில் குழியைத் தயார் செய்து, ஐப்பசி பாதிக்குள் நட்டு முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தள்ளிப் போட்டால் மார்கழியில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று நாற்றைச் சருகாக்கிவிடும். நாற்றங்காலுக்கும் இரண்டு பக்கமும் காற்றுத் தடுப்பு வேண்டும், மேற்கில் ஆடிக்கு, கிழக்கில் மார்கழிக்கு.

பரம்பிக்குளம் காட்டுல நல்ல நல்ல மரமெல்லாம் இருக்குதே, அங்க போய் விதை பொறுக்கலாமா?

கூடாது. பரம்பிக்குளமும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள். உள்ளே உதிர்ந்து கிடக்கும் விதையைக்கூட அனுமதியில்லாமல் எடுத்து வருவது குற்றம். அந்த விதை அங்கே இருக்கும் மலையணிலுக்கும் இருவாச்சிக்கும் உரியது. கோயில் வளாகம், ஊர்க்குளத்துக் கரை, பழைய தோட்டங்கள், சாலையோரம் எல்லாவற்றிலும் நமக்கு வேண்டிய தாய்மரங்கள் நிற்கின்றன. அபூர்வ மரம் வேண்டுமென்றால் பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிலையத்திலோ, கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலோ விசாரியுங்கள்.

பனங்கொட்டையைப் பையில முளைக்க வெச்சு அப்புறம் நட முடியுமா?

பாலக்காட்டுக் காடெல்லாம் பனை நின்ற ஊர், அதனால் நிறையப் பேர் கேட்கிறார்கள். பையில் வேண்டாம். கொட்டை முளைத்ததும் மேலே இலை விடுவதில்லை. முதலில் ஒரு குழாய் மாதிரி முளை நேராகக் கீழே இறங்கி, நாம் தின்கிற கிழங்காகும். பை அதற்கு ஆழம் பற்றாது. முதல் இலை தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் முளைக்கவில்லை என்று நினைத்துத் தோண்டிப் பார்த்துக் கிழங்கை முறித்தவர்கள் உண்டு.

ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, எங்கே மரம் நிற்க வேண்டுமோ அங்கேயே ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். இடத்துக்கு இரண்டு கொட்டை, பத்தடி இடைவெளி. பக்கத்தில் அடையாளக் குச்சி நட்டு வையுங்கள், உழவு ஓட்ட வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள். நுங்குக்காகப் பெண்பனை மட்டும் வேண்டும் என்று கேட்டால் கொட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது, பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும் என்பதால் வேண்டியதைவிட இரண்டு மடங்கு போட்டு வையுங்கள்.